நடுத்தரச் சூரியன்

ஆவாரங்காட்டில் ஒரு குட்டை இருந்தது. குட்டையில் தவளைகள் இருந்தன. மேலே சூரியன் இருந்தது. மற்ற ஆண்டுகளில் மூன்றும் ஒன்றையொன்று அனுசரித்துப் போயின. அந்த ஆண்டு போகவில்லை.

அந்தத் தவளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடை முற்றுவதற்கு முன் எல்லாம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பின்னங்கால்களால் சேற்றைத் தள்ளித் தள்ளி, பின்பக்கமாகவே உள்ளே போகும். ஈரம் நிற்கும் ஆழம் வந்ததும் கண்ணை மூடும். மழை வந்து தட்டினால்தான் திறக்கும்.

எப்போது இறங்குவது? அதற்கு வானத்தில் ஓர் அடையாளம் வைத்திருந்தன. ஆறு விண்மீன்கள் ஒரு பிடிக்குள் அடங்குவதுபோல் நெருங்கி நிற்கும். மனிதர்கள் அதைக் கார்த்திகை என்பார்கள். தவளைகள் அதை அடுப்பு என்றே சொல்லும். கோடை தொடங்கியதும் அடுப்பு அந்திக்கு அந்தி மேற்கே தாழ்ந்துகொண்டு வரும். ஒருநாள் அது கண்ணில் படாது. ‘அடுப்பு சூரியனுக்குள் விழுந்துவிட்டது. இனி சூரியனுக்கு இரட்டை நெருப்பு’ என்று தவளைகள் நம்பின. அன்றே இறங்கிவிடும்.

அப்போது சேறு இளகியிருக்கும். கொஞ்சம் தாமதித்தால் மேலே ஓடு கட்டிவிடும். ஓடு கட்டிய மண்ணைத் தவளைக் கால் தோண்டாது.

அடுப்பைப் பார்த்துச் சொல்லும் வேலை வரிச்சியுடையது. முதுகில் மஞ்சள் வரி ஓடிய தவளை அவள். அதிகம் பேசமாட்டாள். அந்தியில் கரையில் இருந்த தட்டைக் கல்லின் மேல் உட்கார்ந்து மேற்கே பார்ப்பாள். அவளுக்கு உறவு என்று இருந்தது ஒரே தங்கை, புள்ளிச்சி. புள்ளிச்சியின் புருஷன் தம்பட்டம். குட்டையிலேயே பெரிய தொண்டை அவனுடையது. அவன் கத்தினால் எதிர்க்கரை நண்டு வளைக்குள் போய்விடும்.

கோடை தொடங்கிய சமயத்தில் ஒரு கிழப் பருந்து வந்து சேர்ந்தது. குட்டைக்கரையில் பட்டுப்போன வாகை மரம் ஒன்று நின்றது. அதன் உச்சியில் உட்கார்ந்தது. தவளைகள் எல்லாம் ‘டுபுக்’ என்று தண்ணீருக்குள் பாய்ந்தன.

“பயப்படாதீங்க!” என்றது பருந்து. “மின்கம்பியில பட்டு ஒரு கால்ல நகமே போயிடுச்சு. இன்னொரு கால் மடங்காது. துள்ளுற எதையும் என்னால பிடிக்க முடியாது.”

தம்பட்டம் தலையை மட்டும் நீட்டினான். “அப்போ எதைச் சாப்பிடுறீங்க பெரியவரே? பழைய ஞாபகத்தையா?”

குட்டை முழுவதும் சிரித்தது.

“செத்ததைச் சாப்பிடுறேன். தானா செத்ததை.”

“நாங்க யாரும் இப்போதைக்குச் சாகுறதா இல்லியே!”

“அவசரமில்ல தம்பி” என்றது பருந்து.

அது சொன்னது உண்மை. இரண்டு நாள் தவளைகள் அதன் கண்ணெதிரே துள்ளிப் பார்த்தன. பருந்து அசையவில்லை. பிறகு அதை மரத்தின் ஒரு கிளையாகவே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஓர் அந்தியில் வரிச்சி கல்லிலிருந்து குரல் கொடுத்தாள்.

“அடுப்பு ரொம்பத் தாழ்ந்துடுச்சு! இன்னும் ஓரிரு நாள்தான். எல்லாரும் இடம் பார்த்து வெச்சுக்கோங்க!”

குட்டையில் முனகல் எழுந்தது. மண்ணுக்குள் போவது யாருக்கும் பிடித்த காரியம் இல்லை. மாதக்கணக்கில் இருட்டு. பசி. பேச்சுத்துணை கிடையாது. போனவர்களில் சிலர் எழுந்து வருவதும் இல்லை. அந்த வருஷம் தண்ணீர் வற்ற வற்றக் கரையெல்லாம் ஈ வேறு மொய்த்தது. வாயைத் திறந்தால் போதும், சாப்பாடு தானாக வந்து விழுந்தது.

“இந்த ஈயையெல்லாம் விட்டுட்டா போகணும்?” என்றது ஒரு குண்டுத் தவளை.

பருந்து மேலிருந்து கேட்டது. “தாழ்ந்துடுச்சுன்னா, அது எங்கம்மா போகுது?”

“சூரியனுக்குள்ள விழுது” என்றாள் வரிச்சி.

பருந்து சிரித்தது. அது சிரித்து யாரும் கேட்டதில்லை. காய்ந்த மட்டை உராய்வதுபோல் இருந்தது.

“அம்மா, நான் மேற்கு மலையில பிறந்தவன். அங்க வெள்ளை உருண்டைக் கூரை போட்ட கட்டடம் ஒண்ணு இருக்கு. ராத்திரியானா கூரை பிளந்துக்கும். மனுஷங்க உள்ள உட்கார்ந்து பெரிய குழாயால வானத்தைப் பார்ப்பாங்க. அந்தக் கூரை விளிம்புலதான் எங்க அம்மா கூடு கட்டினா. அவங்க பேசுறதைக் கேட்டே வளர்ந்தேன். உங்க அடுப்பு எதுக்குள்ளயும் விழாது. சூரியன் அந்தத் திசைக்குப் போறதால வெளிச்சத்துல மறையுது. அவ்வளவுதான். கொஞ்ச நாள்ல விடியக்காலம் கிழக்கே முளைக்கும். அப்போ நீங்க மண்ணுக்குள்ள இருப்பீங்க, அதனால பார்த்ததில்ல.”

“அப்போ சூரியனுக்கு இரட்டை நெருப்பு?” என்றான் தம்பட்டம்.

“கிடையாது. அந்த ஆறும் எவ்வளவோ தூரத்துல இருக்கு. அதோட சூடு இங்க ஒரு கொசு முட்டையைக்கூடத் தொடாது.”

“சூரியன் பெரிசா, அடுப்பு பெரிசா?”

“அந்த ஆறுல ஒவ்வொண்ணும் சூரியனைவிடப் பெரிசு. பிரகாசமும் அதிகம்.”

“என்னது!”

“இதுக்கே வாயைப் பிளந்தா எப்படி? அதோ சிவப்பா ஒண்ணு தெரியுதே, திருவாதிரை. அதைக் கொண்டுவந்து சூரியன் இருக்கிற இடத்துல வெச்சா, இந்தப் பூமியே அதோட வயித்துக்குள்ள போயிடும். சூரியனும் ஒரு விண்மீன்தான். பெரிய வகையிலயும் சேராது, அற்பம்னும் சொல்ல முடியாது. நடுத்தரம்.”

“நடுத்தரம்!” என்று தம்பட்டம் கத்தினான்.

அந்தச் சொல் குட்டைக்கு மிகவும் பிடித்துவிட்டது. இத்தனை காலமும் நடுங்கியது ஒரு நடுத்தரத்துக்கா? ஒரு நடுத்தரத்துக்குப் பயந்தா தாத்தா காலத்திலிருந்து மண்ணைத் தின்றார்கள்?

“நடுத்தரம்! நடுத்தரம்!” என்று ஒரு கரை கத்தியது. “நடுத்தரம்! நடுத்தரம்!” என்று மறு கரை வாங்கிக்கொண்டது.

வரிச்சி கல்லைவிட்டு இறங்கி வாகை மரத்தடிக்குப் போனாள்.

“பெரியவரே, ஒண்ணு கேக்கணும். அடுப்பு தூரத்துல இருக்குன்னீங்க. சூரியன் எவ்வளவு தூரம்?”

பருந்து குனிந்து அவளைப் பார்த்தது. அந்தக் கேள்வியை அது எதிர்பார்க்கவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை.

“ரொம்பப் பக்கம்” என்றது. “சூரியன்ல கிளம்புற வெளிச்சம், நீ இந்தக் குட்டையை ஒரு சுத்து சுத்தி வர்றதுக்குள்ள இங்க வந்துடும். அடுப்புல இருந்து இன்னைக்கு வந்த வெளிச்சம் கிளம்பினப்போ, இந்தக் குட்டையே வெட்டியிருக்க மாட்டாங்க.”

“எல்லாரும் கேட்டீங்களா?” என்று வரிச்சி திரும்பிக் கத்தினாள். “பக்கமாம்! சூரியன் ரொம்பப் பக்கமாம்!”

யாரும் கேட்கவில்லை. நடுத்தரம், நடுத்தரம் என்று குட்டை அதிர்ந்துகொண்டிருந்தது. வரிச்சியின் குரல் சிறியது.

“அப்போ மண்ணுக்குள்ள போகணுமா, வேண்டாமா?” என்று கூட்டத்திலிருந்து ஒருவர் பருந்தைக் கேட்டார்.

“அதை நான் சொல்ல மாட்டேன். உங்க குட்டை, உங்க வழக்கம். நீங்களே யோசிச்சுக்கோங்க” என்றது பருந்து. பிறகு தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது.

தவளைகள் யோசித்தன. அதிக நேரம் பிடிக்கவில்லை.

மறுநாள் அந்தியில் அடுப்பு மங்கலாகத் தெரிந்தது. அதற்கு மறுநாள் தெரியவில்லை. வரிச்சி கல்லின் மேல் நின்று வழக்கம்போல் அறிவித்தாள்.

“அடுப்பு இறங்கிடுச்சு!”

“விழலியே மதினி!” என்றான் தம்பட்டம். “மறைஞ்சிருக்கு. அவ்வளவுதான். முந்தாநேத்துதானே விளக்கமாச் சொன்னாங்க, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?”

சிரிப்பு எழுந்தது.

“தம்பி, அது விழுந்தா என்ன, மறைஞ்சா என்ன? அது போனப்புறம் வெயில் ஏறுதா இல்லியா? ஒவ்வொரு வருஷமும் ஏறுச்சா இல்லியா?”

“ஏறும். நடுத்தர வெயில்!”

மறுபடியும் சிரிப்பு. வரிச்சிக்குப் பதில் தெரியவில்லை என்றில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொல்லும் பழக்கம் அவளுக்கு இல்லை. எதிராளி சிரிப்பு அடங்க விடுகிறவனும் இல்லை.

அவள் நேராகத் தங்கையிடம் போனாள். புள்ளிச்சி கோரைப்புல் நிழலில் ஈ பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் வயிற்றில் மழைக்காக முட்டைகள் கருக்கொள்ளத் தொடங்கியிருந்தன.

“வாடி, போகலாம். வடக்குக் கரையில இன்னும் நல்லா இளகியிருக்கு. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே குழியாத் தோண்டலாம்.”

“அவரு வரமாட்டேங்குறாரே அக்கா.”

“அவன் வராட்டி போகட்டும்.”

“அப்படிச் சொல்லாதே. எல்லாரும் மேல இருக்காங்க, நான் மட்டும் பயந்து ஓடினா அவரைக் கேலி பண்ணுவாங்க. நாலு நாள் பார்ப்போம். அவருக்கே வெக்கை பொறுக்காம வந்துடுவாரு. அப்போ மூணு பேருமா இறங்கலாம்.”

“நாலு நாள்ல ஓடு கட்டிடும்.”

“நீ குழியைத் தோண்டி வை. நாங்க வந்துடுறோம்.”

வரிச்சி தனியாகப் போயிருக்கலாம். போகவில்லை. வடக்குக் கரையில் குழி தோண்டினாள். தனக்கென்றால் சின்னதாகப் போதும். மூன்று பேருக்குத் தோண்டினாள். குழியின் வாய் உலராதிருக்கக் குட்டையில் முங்கி, உடம்பில் ஒட்டிய தண்ணீரைக் கொண்டுவந்து அங்கே வழித்துவிட்டாள். பகலெல்லாம் அதே வேலை. குட்டைக்கும் குழிக்கும் நடுவில் இருந்த தரை ஒவ்வொரு நாளும் நீண்டது. தண்ணீர் உள்வாங்கிக்கொண்டிருந்தது.

“மதினி பாதை போடுறாங்க!” என்றான் தம்பட்டம். “நடுத்தரச் சூரியனுக்கு நடைபாதை!”

ஆனால் அவன் குரல் பழைய கனத்தில் இல்லை. தொண்டை உலர்ந்திருந்தது.

சூரியனுக்குத் தன்னைப் பற்றி யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. அது வழக்கம்போல் காலையில் வந்தது. வழக்கத்தைவிடச் சீக்கிரம் சுட்டது. திருவாதிரை இல்லாத பகல் வானத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

குட்டை சுருங்கி நடுவில் ஒரு பள்ளமாக நின்றது. பள்ளத்துத் தண்ணீர் நண்பகலில் கால் வைக்க முடியாதபடி கொதித்தது. சுற்றிலும் சேறு வெளுத்தது, வெடித்தது, ஓடாயிற்று. ஈக்கள் போய்விட்டன. ஈக்கள் போன அன்று சில தவளைகள் அவசரமாக வடக்குக் கரைக்கு ஓடிவந்தன. பின்னங்காலால் தரையைப் பிறாண்டின. தோல் உரிந்தது. மண் உரியவில்லை.

“வரிச்சி, உன் குழியில இடம் இருக்கா?” என்று கேட்டது குண்டுத் தவளை.

வரிச்சி குழியைப் பார்த்தாள். தங்கையின் இடத்தைப் பார்த்தாள்.

“இல்ல” என்றாள்.

அந்தச் சொல் அவளுக்குப் பிற்பாடு அடிக்கடி நினைவு வந்தது.

அன்று உச்சி வெயிலில் புள்ளிச்சி வந்தாள். தோல் சுருங்கி, புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

“வந்துட்டியா! உள்ள போ, உள்ள போ!”

“அவரு பள்ளத்துல கிடக்காரு அக்கா. கூப்பிட்டேன், காது கேக்கல. இழுத்துட்டு வந்துடுறேன். குழி இருக்கான்னு பார்க்கத்தான் வந்தேன்.”

“புள்ளிச்சி, போகாதே. போனா திரும்பி வர உன் தோல்ல ஈரம் இல்லடி!”

“பக்கம்தானே அக்கா” என்று சொல்லிவிட்டு அவள் திரும்பினாள்.

பக்கம்தான். குட்டையில் தண்ணீர் நிறைந்திருந்தபோது அவள் ஒரே மூச்சில் நீந்திக் கடந்த தூரம்தான். வரிச்சி குழியின் வாயிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புள்ளிச்சி துள்ளினாள். பிறகு தாவினாள். பிறகு ஊர்ந்தாள். பாதி வழியில் நின்றாள்.

“வா! திரும்பி வந்துடு!” என்று வரிச்சி கத்தினாள். அவள் குரல் எப்போதும் சிறியது. காய்ந்த தரையில் அது இன்னும் சிறிதாகப் போயிற்று.

வாகை மரத்திலிருந்து பருந்து இறங்கியது. பாய்ந்து வரவில்லை. பாயவேண்டிய தேவை இல்லை. தரையில் இறங்கி, மடங்காத காலை இழுத்து இழுத்து நடந்து வந்தது. வழியில் கிடந்தவர்களை ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தது. யாரும் துள்ளவில்லை.

வரிச்சி கண்ணை மூடிக்கொண்டாள். குழியின் வாய் காயத் தொடங்கியிருந்தது. அவள் பின்னங்கால்களை உதைத்துப் பின்பக்கமாகவே உள்ளே போனாள். மூன்று பேருக்கான குழியில் ஒருத்தி போனாள். மேலே மண் சரிந்து மூடிக்கொண்டது.

மழை அந்த ஆண்டு பிந்தித்தான் வந்தது. ஆனால் வந்தது. மண்ணைத் தட்டியது. வரிச்சி கண் திறந்தாள். இடித்துத் தள்ளிக்கொண்டு மேலே வந்தாள்.

குட்டையில் தண்ணீர் நிறைந்து நின்றது. சத்தம் இல்லை. முதல் மழைக்குக் கத்துவது ஆண் தவளைகளின் வேலை. குட்டையில் ஆண் தவளை இல்லை. வரிச்சி வாயைத் திறந்து பார்த்தாள். அவளுக்குக் கத்த வரவில்லை. மறுபடியும் மூடிக்கொண்டாள்.

வாகை மரத்தில் பருந்து உட்கார்ந்திருந்தது. இப்போது உச்சியில் இல்லை. தாழ்ந்த கிளையில், இறகு கொட்டி, எலும்பாக இருந்தது. நனைந்த சிறகை விரிக்கக்கூட அதற்குத் தெம்பில்லை.

“நீ ஒருத்திதானா?” என்றது.

“ஒருத்திதான்.”

“நான் நினைச்சேன். அன்னைக்கு எவ்வளவு தூரம்னு கேட்டவ நீ ஒருத்திதானே.”

வரிச்சி தட்டைக் கல்லின் மேல் ஏறினாள். “எங்களை ஏமாத்திட்டீங்க.”

“நான் ஒரு பொய்கூடச் சொல்லலியேம்மா. சூரியன் நடுத்தரம்தான். அடுப்பு பெரிசுதான். அது எதுக்குள்ளயும் விழாது. வேணும்னா மலைக்குப் போய் விசாரிச்சுப் பாரு. நீ கேட்டப்போ, பக்கம்னும் சொன்னேன்.”

“சொன்னீங்க.”

“ஆமா. அதை அவங்க கேக்கல. அது என் தப்பா?”

வரிச்சி நிறைந்த குட்டையைப் பார்த்தாள்.

“அவங்க அடுப்பு விழுதுன்னு நம்பினதுதான் தப்பு. இறங்கினது தப்பில்ல” என்றது பருந்து. அதன் குரலில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை. “தப்பான காரணத்தை எடுத்துக் காட்டினேன். அவங்க சரியான காரியத்தையும் சேர்த்துத் தூக்கிப் போட்டுட்டாங்க. இந்தக் காலால என்னால வேட்டையாட முடியாது. எனக்காக வேட்டையாட மேல ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு நீங்க வெளிய இருக்கணும். அவ்வளவுதான்.”

“இப்போ?”

“இப்போ என்ன? ஒரு கோடைக்கு நல்லாச் சாப்பிட்டேன். எல்லாத்தையும் சாப்பிட்டேன். இனி இங்க காயுறதுக்கு ஒண்ணும் இல்ல.” பருந்து கழுத்தை நீட்டியது. “நீ என்னமோ சொல்றே, மழைச் சத்தத்துல காது கேக்கல. கொஞ்சம் பக்கத்துல வந்து பேசேன். என்னால என்ன பண்ண முடியும்? என்னைப் பாரு, ஒரு காக்கா அளவுகூட இல்ல நான் இப்போ.”

மழை எப்போதோ விட்டிருந்தது, மேகமும் விலகியிருந்தது. கிழக்கே அந்தி வானத்தில் அந்த ஆறு விண்மீன்களும் ஒரு பிடிக்குள் அடங்குவதுபோல் முளைத்து வந்தன. வரிச்சி அதை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பருந்தைப் பார்த்தாள். தட்டைக் கல்லுக்கும் தாழ்ந்த கிளைக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்தாள். ஒரு தாவல் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

“நீங்க பெரியவரா, சின்னவரா, நடுத்தரமான்னு எனக்குத் தெரிய வேண்டாம் பெரியவரே” என்றாள். “எவ்வளவு தூரத்துல இருக்கீங்கன்னு மட்டும் பார்த்துக்கிறேன்.”

பருந்து தலையைச் சிறகுக்குள் செருகிக்கொண்டது. இருட்டியது. நிறைந்த குட்டை, கத்த ஆளில்லாமல் கிடந்தது. விடியும் முன் வரிச்சி கரையேறி, ஈரத் தரை வழியாக, தவளைகள் இருக்கும் வேறு குட்டையைத் தேடிப் புறப்பட்டாள். அடுப்பு அடுத்த முறை மறைவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஓர் ஆபத்து எவ்வளவு பெரியது என்று கேட்பதற்கு முன், அது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.